திண்ம உருவங்களும் முப்பரிமாண ஆயத்தொலைவுகளும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டு, இப்போது ஏதோ ஒரு தேவைக்காகத் திரும்பி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட் (CAD, கணினியில் வடிவமைத்து வரைவது) படிப்பவராக இருக்கலாம், 3டி பிரிண்டர் வாங்கியவராக இருக்கலாம், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியவராகவும் இருக்கலாம். எனக்கு இது 3டி பிரிண்டிங் வேலைக்காகத் தேவைப்பட்டது. எங்கே தேடினாலும் சூத்திரப் பட்டியல்தான் கிடைத்தது. பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பிலும் முதல் பாடமே உருளை, கூம்பு, கோளம் என்று வரிசையாகச் சூத்திரங்கள். மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரு கணக்கை எடுத்தால் எது உயரம், எது சாயுயரம் (உச்சியிலிருந்து அடிவரை சாய்வான பரப்பின் மேல் அளக்கும் நீளம்) என்றே கண்ணுக்குத் தெரியாது.

கன அளவு ஒரு வகுப்பில் வருகிறது, ஆயத்தொலைவு, அதாவது ஒரு புள்ளியின் இடத்தை எண்களால் சொல்வது, இன்னொரு வகுப்பில் வருகிறது. இரண்டும் வேறு வேறு விஷயம் என்ற எண்ணம் நமக்கு அதனால்தான் வருகிறது. உண்மையில் ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டையும் தொடர்ச்சியாகக் கற்றுவிடலாம். முதலில் கையால் செய்வது, அப்புறம் வரைவது, அப்புறம் அளப்பது, கடைசியில் எண்களால் இடம் சொல்வது. இந்த வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு வாரம் போதும். வாரம் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டாலும் கணக்கு சரியாக வரும்.

1. புத்தகங்களும் பொருட்களும்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்: 9, 10-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் அளவியல் பாடம், ஆயத்தொலைவு வடிவியல் பாடம்; 11-ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் வெக்டர் இயற்கணிதம்; 12-ஆம் வகுப்பு முதல் தொகுதியில் வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள். முடிந்தால் ஆங்கில வழிப் புத்தகத்தையும் இறக்குங்கள். மென்பொருளில் எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கும், அப்போது பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 2018, 2019-இல் வந்த நம் 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்களில் முப்பரிமாண ஆயத்தொலைவு தனிப் பாடமாக இல்லை, வெக்டர் பாடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. புதிதாக வருபவருக்கு வெக்டர் (அளவோடு திசையும் உள்ள ஒன்று), இடம் சொல்வது என்ற இரண்டு புதுமையும் ஒன்றாக வந்து குழப்பும். என்சிஇஆர்டி 11-ஆம் வகுப்புப் புத்தகத்தில் வெக்டர் இல்லாமல் வெறும் ஆயத்தொலைவை வைத்தே ஒரு சிறிய பாடம் உண்டு. அதுவும் இலவசம்தான். தமிழில் இல்லை, ஆனால் சில பக்கங்கள்தான், எண்களும் படங்களும்தான் அதிகம். நடுவில் அதைப் படித்துவிட்டு வெக்டருக்குப் போனால் சுமை பாதியாகிவிடும்.

கடையில் வாங்க வேண்டியவை: இரண்டு சார்ட் அட்டை, ஒரு கிராஃப் நோட், ஜியோமெட்ரி பாக்ஸ், கத்தரி, பசை. சைக்கிள் கடையில் வால்வ் ட்யூப் ஒரு மீட்டர் கேளுங்கள், மெல்லிய ரப்பர் குழாய். அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கினால் தீக்குச்சிகளை இணைக்கும் மூட்டுகள் கிடைத்துவிடும். எல்லாம் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் விற்கும் திண்ம உருவ செட்டை வாங்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் செய்து பார்க்கும்போது வரும் புரிதல் அதில் வராது. ஜியோஜீப்ரா என்ற செயலியின் 3டி கால்குலேட்டரைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். ஆனால் ஆறாவது படி வரும்வரை அதைத் திறக்காதீர்கள்.

2. முதல் வாரம்: கையால் செய்யுங்கள்

சார்ட் அட்டையில் 12 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் உள்ள ஒரு கனச்செவ்வகப் பெட்டி செய்யுங்கள். இந்த அளவுகளை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறேன், கடைசிவரை இதே பெட்டிதான் வரப்போகிறது. 1 செ.மீ. என்பதை 1 அடியாக நினைத்துக்கொண்டால் இது 12-க்கு 9 அடி அறை, கூரை 8 அடி உயரம்.

ஆறு முகங்களையும் தனித்தனியாக வெட்டி ஒட்டாதீர்கள். ஒரே அட்டையில் விரித்து வரைந்து, மடித்து ஒட்டுங்கள். எந்த முகம் எதன் பக்கத்தில் வரும், எந்த விளிம்பு எதோடு சேரும் என்று யோசிக்கும் அந்த அரை மணி நேரம்தான் இந்த வாரத்தின் முக்கியப் பாடம். அடுத்து ஒரு கனசதுரத்துக்கு எத்தனை விதமான விரிப்பு வரையலாம் என்று முயன்று பாருங்கள். திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாக வருவதை ஒரே முறை எண்ணினால் மொத்தம் 11 உண்டு. எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. ஆறேழு கிடைத்தாலே கண் பழகிவிடும்.

கூம்பு செய்யும்போதுதான் பலர் திணறுகிறார்கள். கூம்பை விரித்தால் முக்கோணம் வராது, வட்டக்கோணப்பகுதிதான் வரும். அடி ஆரம் 3, உயரம் 4 என்றால் சாயுயரம் 5. அட்டையில் வரைய வேண்டிய வட்டத்தின் ஆரம் 5, வெட்ட வேண்டிய கோணம் 360 × 3 ÷ 5, அதாவது 216 பாகை. இப்படி வெட்டிச் சுருட்டினால் அடி ஆரம் சரியாக 3 வரும். அளந்து பாருங்கள்.

அப்புறம் தீக்குச்சியும் வால்வ் ட்யூபும். ஒரு நான்முகியும் (நான்கு முக்கோண முகங்கள் உள்ளது) ஒரு கனசதுரமும் கட்டுங்கள். நான்முகி ஆடாமல் நிற்கும். கனசதுரம் சாய்ந்து சரியும். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் நிலைத்துவிட்டால் கோணம் மாற வழியில்லை, சதுரத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. மின்கோபுரங்களிலும் தகரக் கொட்டகைக் கூரைகளிலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது இதை விரலால் அழுத்திப் பார்த்தாலே விளங்கும்.

செய்த ஒவ்வொன்றிலும் முனை, விளிம்பு, முகம் எண்ணி எழுதுங்கள். கனசதுரம்: முனை 8, விளிம்பு 12, முகம் 6. நான்முகி: 4, 6, 4. எண்முகி (எட்டு முக்கோண முகங்கள் உள்ளது): 6, 12, 8. முனை எண்ணோடு முகத்தைக் கூட்டி விளிம்பைக் கழித்தால் எப்போதும் 2 வரும். இது ஆய்லர் என்ற கணிதமேதை தந்த தொடர்பு. தட்டையான முகங்கள் உள்ள, ஓட்டையில்லாத உருவங்களுக்கு இதை நம்பிச் சரிபார்க்கலாம். 2 வரவில்லை என்றால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. உருளைக்கும் கூம்புக்கும் இதைப் போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வாரக் கடைசியில் பெட்டியின் ஒரு விளிம்பைத் தொட்டுக்கொண்டு மற்ற 11 விளிம்புகளையும் பாருங்கள். 4 அதைத் தொடும், 3 அதற்கு இணையாகப் போகும். மீதி 4 தொடவும் தொடாது, இணையாகவும் இருக்காது. தாளில் இப்படிப்பட்ட கோடுகளே கிடையாது. தொடாத கோடு என்றால் இணைகோடு என்று நம் மனதில் பதிந்திருப்பது இங்கே உடைய வேண்டும். உடைந்தால்தான் 12-ஆம் வகுப்புப் பாடம் புரியும்.

3. இரண்டாம் வாரம்: வரையப் பழகுங்கள்

கணக்கில் படம் தவறாக இருந்தால் விடையும் தவறிவிடும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓவியத் திறமை வேண்டியதில்லை. முன்முகத்தை உள்ளபடியே செவ்வகமாக வரையுங்கள். நான்கு முனைகளிலிருந்தும் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் பின்னோக்கிக் கோடு இழுங்கள். முனைகளைச் சேருங்கள். மறைந்திருக்கும் விளிம்புகளைப் புள்ளிக்கோடாக இடுங்கள். பெட்டி வந்துவிட்டது.

தாளில் இருக்கும் கோணத்தை நம்பி அளக்காதீர்கள். பெட்டியின் மூலையில் மூன்று விளிம்புகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை. தாளில் வரைந்தால் ஒன்று 45 போல, இன்னொன்று 135 போலத் தெரியும். எங்கெல்லாம் செங்கோணம் இருக்கிறதோ அங்கெல்லாம் சின்னச் சதுரக் குறி போட்டுவிடுங்கள். அடுத்த படியில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் குறிதான்.

4. மூன்றாம் வாரம்: மூன்று விதமான நீளம்

திண்ம உருவங்களில் வரும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் சூத்திரம் தெரியாதது அல்ல, எந்த நீளத்தைப் போடுவது என்று தெரியாததுதான். இதற்காகவே ஒரு வாரத்தை முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். தேவையானது பிதாகரஸ் தேற்றம் மட்டுமே.

அறையைத் திரும்ப எடுங்கள். தரையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராக எவ்வளவு? 12-இன் வர்க்கம் 144, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 225, மூலம் 15. இப்போது தரை மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கூரை மூலைக்கு எவ்வளவு? தரையில் கிடைத்த 15 ஒரு பக்கம், சுவரின் 8 இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே செங்கோணம். 225 + 64 = 289, மூலம் 17. தேற்றத்தை இரண்டு முறை போட்டோம், அவ்வளவுதான். ஒரே வரியில் சொன்னால் 12² + 9² + 8² = 17². பெட்டிக்குள் 17 செ.மீ. குச்சி ஒன்றைக் கோணலாக நுழைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வரிதான் ஏழாம் படியில் தூரச் சூத்திரமாகத் திரும்ப வரப்போகிறது.

அதே இரண்டு மூலைகளுக்கு இடையே விளிம்புகள் வழியாகவே ஒயர் இழுத்தால் 12 + 9 + 8 = 29 அடி ஆகும். சுவரையும் தரையையும் ஒட்டியபடி, ஆனால் குறுக்காக இழுத்தால்? பெட்டியை விரித்துவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் ஒரே செவ்வகமாகும், அதன் மூலைவிட்டம்தான் விடை. எந்த இரு முகங்களை விரிக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விடைகள் வரும்: 20.8, 21.9, 22.5. மிகப் பெரிய அளவான 12-ஐத் தனியே விட்டு மற்ற இரண்டையும் கூட்டியதுதான் சிறியது. காற்றில் 17, பரப்பின் மேல் 20.8, விளிம்பு வழியே 29. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கணக்கில் இறங்குங்கள்.

சதுர அடி உள்ள பிரமிடில் இன்னொரு பொறி இருக்கிறது. அடிப்பக்கம் 6, உயரம் 4 என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவுக்கு இறங்கும் சாயுயரம் 5. உச்சியிலிருந்து அடியின் மூலைக்கு இறங்கும் பக்க விளிம்பு √34, அதாவது சுமார் 5.83. பக்கப்பரப்புக்கு 5-ஐத்தான் போட வேண்டும். போட்டால் 60 வரும். 5.83-ஐப் போட்டவர்களுக்குச் சுமார் 70 வந்து நிற்கும்.

5. நான்கு, ஐந்தாம் வாரம்: பரப்பும் கன அளவும்

இப்போது 9, 10-ஆம் வகுப்பு அளவியல் பாடங்களைத் திறக்கலாம். சூத்திரங்களை அப்படியே எழுதிப் போகாமல் மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். மேலும் கீழும் ஒரே வடிவம் உள்ளவை, அதாவது பெட்டி, பட்டகம் (பிரிசம்), உருளை: கன அளவு = அடிப்பரப்பு × உயரம். ஒரு முனையில் கூராக முடிபவை, அதாவது பிரமிடு, கூம்பு: அதில் மூன்றில் ஒரு பங்கு. கடைசியாகக் கோளம்: 4/3 × பை × ஆரத்தின் கனம்.

மூன்றில் ஒரு பங்கு என்பதை அரிசியால் சோதியுங்கள். ஒரே ஆரம், ஒரே உயரம் உள்ள கூம்பும் உருளையும் அட்டையில் செய்து, கூம்பால் மூன்று முறை அளந்து போட்டால் உருளை நிறையும். உயரமும் ஆரமும் சமமாக வைத்து ஓர் அரைக்கோளத்தையும் சேர்த்துக்கொண்டால் கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றும் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் வரும். இதைவிட அழகான முடிவை இந்தப் பாடத்தில் நான் பார்க்கவில்லை. ஒரு முறை கையால் அளந்தவர் மறக்கமாட்டார்.

வாளி, எவர்சில்வர் டம்ளர் போன்ற வடிவத்துக்குப் புத்தகத்தில் இடைக்கண்டம் என்று பெயர். அதன் சூத்திரம் நீளமானது. தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, பெரிய கூம்பிலிருந்து மேலே உள்ள சின்னக் கூம்பைக் கழித்தே விடை காணுங்கள். பிறகு சூத்திரம் தானாகவே நினைவில் நிற்கும்.

பரப்பில் கவனிக்க வேண்டியது, எந்த முகம் வெளியே தெரிகிறது என்பது. நம் 12, 9, 8 அறையின் மொத்தப் புறப்பரப்பு 552 சதுர அடி. ஆனால் வெள்ளையடிக்கக் கணக்குப் போட்டால் தரை வராது. நான்கு சுவர் 336, கூரை 108, ஆக 444. அதிலும் கதவு, ஜன்னலைக் கழிக்க வேண்டும். உருளை மேல் அரைக்கோளம் ஒட்டிய உருவத்தில் இரண்டும் ஒட்டும் வட்டம் எந்தக் கணக்கிலும் சேராது. அரைக்கோளம் தனியாக இருந்தால் மொத்தப் பரப்பு 3 × பை × ஆர வர்க்கம், ஒட்டிவிட்டால் 2 × பை × ஆர வர்க்கம் மட்டும்.

அலகு மாற்றத்தில் விழாதவர்கள் குறைவு. 1 மீட்டர் என்பது 100 செ.மீ., ஆனால் 1 கனமீட்டர் என்பது 10,00,000 கன செ.மீ. இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 1 லிட்டர் = 1000 கன செ.மீ.; 1 கனமீட்டர் = 1000 லிட்டர்; 1 கன அடி = சுமார் 28.3 லிட்டர். மணல், ஜல்லி வாங்கும்போது சொல்லும் 1 யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டியின் உட்பக்க அளவை டேப்பால் அளந்து பெருக்கினால் எத்தனை யூனிட் என்று நீங்களே சொல்லிவிடலாம். 6-க்கு 5-க்கு 5 அடி சம்ப் 150 கன அடி, அதாவது சுமார் 4245 லிட்டர். 1 மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் 1000 லிட்டர் நிற்க வேண்டுமானால் உயரம் சுமார் 1.27 மீட்டர் வேண்டும். இப்படி வீட்டில் இருப்பதை அளந்து போடும் கணக்குகளைப் புத்தகக் கணக்குகளோடு கலந்து செய்யுங்கள்.

பை மதிப்புக்கு 22/7 எடுப்பதா 3.14 எடுப்பதா என்பது தேர்வில் கேள்வியைப் பொறுத்தது. ஆரம் 7-இன் மடங்காக இருந்தால் 22/7-இல் சுலபமாக வெட்டுப்படும். வேலைக்குப் போடும் கணக்கில் கால்குலேட்டரின் பை பொத்தானையே அழுத்துங்கள்.

இன்னொன்று: எல்லா நீளத்தையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு. 3டி பிரிண்ட் செய்பவர்களுக்கு இது நேரடியாகப் பணம். உள்ளே நிரப்பாக அச்சிடும் ஒரு பொருளைப் பாதி அளவுக்குச் சுருக்கினால் பிளாஸ்டிக் எட்டில் ஒரு பங்குதான் செலவாகும்.

6. ஆறாம் வாரம்: அறையின் மூலையில் நில்லுங்கள்

ஓர் அறைக்குள் போய்த் தரை மூலை ஒன்றைப் பார்த்து நில்லுங்கள். அந்த மூலைதான் ஆதிப்புள்ளி, (0, 0, 0). அங்கிருந்து உங்கள் இடப்பக்கமாக வரும் தரை விளிம்பை எக்ஸ் அச்சு என்றும், வலப்பக்கமாக வருவதை ஒய் அச்சு என்றும், மூலையிலிருந்து நேரே மேலே போவதை இசட் அச்சு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இடம் வலம் மாற்றாதீர்கள். வலது கை விரல்களை எக்ஸிலிருந்து ஒய் பக்கமாக மடக்கினால் கட்டைவிரல் இசட் பக்கம், அதாவது மேலே, நீட்ட வேண்டும். புத்தகங்களும் பெரும்பாலான மென்பொருள்களும் பின்பற்றுவது இந்த வலக்கை முறைதான்.

எக்ஸ் வழியே 12, ஒய் வழியே 9, இசட் வழியே 8. அட்டைப் பெட்டியின் எட்டு முனைகளிலும் பேனாவால் மூன்று எண்களையும் எழுதுங்கள்: (0, 0, 0), (12, 0, 0), (0, 9, 0), (12, 9, 0), அப்புறம் அதே நான்கும் கடைசி எண் 8-ஆக. அறையின் நடுவில், கூரையிலிருந்து 1 அடி கீழே தொங்கும் ஃபேன் (6, 4.5, 7). இடப்பக்கத் தரை விளிம்பைத் தொடும் சுவரில் இருக்கும் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒய் பூஜ்யம். தரையில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் இசட் பூஜ்யம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறைக்கு மைனஸ் எண் வரும். கீழ் வீட்டுக்கு இசட் மைனஸ். தரை, இரண்டு சுவர்கள் ஆகிய மூன்று தளங்களும் வெளியை (முப்பரிமாண இடத்தை) எட்டாகப் பிரிக்கின்றன என்று புத்தகம் சொல்வது மேல்மாடியில் நான்கு அறை, கீழ்மாடியில் நான்கு அறை என்பதைத்தான். எட்டுக்கும் குறிகளை எழுதிப் பாருங்கள், மனப்பாடம் வேண்டாம்.

புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, (3, 4, 5) என்ற புள்ளிக்கு நேராகக் கோணலாகப் போய்க் குறிக்கப் பார்ப்பது. எக்ஸ் வழியே 3 நடங்கள், அங்கிருந்து ஒய் திசைக்கு இணையாக 4, அங்கிருந்து மேலே 5. எப்போதும் மூன்று நடை. தாளில் குறிக்கும்போது அந்தச் சின்னப் பெட்டியையும் புள்ளிக்கோட்டில் வரைந்துவிடுங்கள். இல்லையென்றால் தாளிலுள்ள ஒரே புள்ளி வெளியில் கணக்கற்ற புள்ளிகளைக் குறிக்கும், படத்தைப் பார்ப்பவருக்கு எது என்று தெரியாது.

இந்த வாரம் ஜியோஜீப்ராவைத் திறக்கலாம். அடைப்புக்குறிக்குள் மூன்று எண்களைக் கமா போட்டு அடித்தால் புள்ளி வந்துவிடும். விரலால் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முன்னால் பார்த்தபோது ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்த இரண்டு புள்ளிகள், திருப்பினால் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

7. ஏழாம் வாரம்: தூரமும் நடுப்புள்ளியும்

இங்கே புதிதாக எதுவும் இல்லை. ஒய் அச்சு ஓடும் சுவரில் (0, 2.5, 4) என்ற இடத்தில் சுவிட்ச் போர்டு இருக்கிறது. ஃபேன் (6, 4.5, 7). ஒவ்வோர் எண்ணாகக் கழித்தால் 6, 2, 3. வர்க்கங்கள் 36, 4, 9. கூட்டினால் 49. தூரம் 7 அடி. நான்காம் படியில் பெட்டிக்கு நாம் கண்டுபிடித்த அதே 17-இன் கணக்குதான் இது, இரண்டு புள்ளிகளையும் எதிரெதிர் மூலையாகக் கொண்ட ஒரு சின்னப் பெட்டிக்குப் போடுகிறோம்.

நடுப்புள்ளிக்கு ஒவ்வோர் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். அறையின் நான்கு நீண்ட மூலைவிட்டங்களுக்கும் நடுப்புள்ளி காணுங்கள். நான்கிலும் (6, 4.5, 4) வரும். மூலைவிட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்கின்றன என்பதற்கு இதுவே நிரூபணம். பிரிவுச் சூத்திரமும் (ஒரு கோட்டுத்துண்டைக் கொடுத்த விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைத் தருவது) 10-ஆம் வகுப்பில் படித்ததேதான், மூன்றாவது எண் ஒன்று கூடுகிறது.

மைனஸ் வரும் புள்ளிகளில் கழிக்கும்போது நிதானமாகச் செய்யுங்கள். 3-இலிருந்து மைனஸ் 2-ஐக் கழித்தால் 5. சூத்திரம் சரியாகத் தெரிந்தும் விடை தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

8. எட்டாம் வாரம்: சமன்பாடும் திசையும்

கிராஃப் தாளில் எக்ஸ் = 3 என்றால் ஒரு கோடு. அறைக்குள் எக்ஸ் = 3 என்றால் ஒரு முழுச் சுவர். ஒய்யும் இசட்டும் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் அது பரந்துவிடுகிறது. இசட் = 8 என்பது கூரை. எக்ஸ் = ஒய் என்பது கோடு அல்ல, தரையிலிருந்து நேராக எழும் ஒரு தளம். எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம் = 25 என்று அடித்தால் தாளில் வட்டம் வரும், வெளியில் மேலும் கீழும் முடிவில்லாமல் நீளும் உருளை வரும். கோளம் வேண்டுமென்றால் இசட் வர்க்கத்தையும் சேர்க்க வேண்டும். சமன்பாட்டில் ஓர் எழுத்து இல்லை என்றால் அது பூஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குக் கட்டுப்பாடே இல்லை என்று பொருள். வெளியில் ஒரு கோட்டைச் சொல்ல இரண்டு சமன்பாடு வேண்டும்: எக்ஸ் = 12, ஒய் = 9 இரண்டும் சேர்ந்தால்தான் எதிர்மூலையில் நிற்கும் விளிம்பு.

ஒரு நல்ல பயிற்சி. (12, 0, 0), (0, 9, 0), (0, 0, 8) மூன்றையும் சேர்த்துப் பெட்டியின் மூலையை ஒரு தளத்தால் வெட்டுங்கள். எக்ஸை 12-ஆல், ஒய்யை 9-ஆல், இசட்டை 8-ஆல் வகுத்துக் கூட்டினால் 1 வரும் புள்ளிகள் எல்லாம் அந்தத் தளத்தில் இருக்கும். வெட்டுப்படும் நான்முகியின் அடி 54, உயரம் 8, கன அளவு 144. பெட்டியின் 864-இல் சரியாக ஆறில் ஒரு பங்கு.

திசைக்கு 17 அடி மூலைவிட்டத்தையே எடுங்கள். அதன் திசைக் கொசைன்கள் (மூன்று அச்சுகளோடும் அது அமைக்கும் கோணங்களின் கொசைன் மதிப்புகள்) 12/17, 9/17, 8/17. மூன்றின் வர்க்கத்தையும் கூட்டினால் 1. அச்சுகளோடு அது அமைக்கும் கோணங்கள் சுமார் 45.1, 58.0, 61.9 பாகை. தாளில் இரண்டு கோணமும் கூடி 90 ஆகும் என்ற பழக்கத்தில் இங்கே மூன்றையும் கூட்டி ஏதாவது முழு எண் வருமா என்று தேடாதீர்கள், வராது. கனசதுரத்தின் மூலைவிட்டம் விளிம்போடு 45 பாகை என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது முகத்தின் மூலைவிட்டத்துக்குத்தான் பொருந்தும். உள்ளே ஓடும் மூலைவிட்டத்துக்குச் சுமார் 54.7 பாகை.

9. மென்பொருளுக்குப் போகும்போது

பிளெண்டர் என்ற 3டி மாடல் மென்பொருளில் மேலே போகும் அச்சு இசட். விளையாட்டுகள் உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் மேலே போவது ஒய், அதோடு அது இடக்கை முறை. ஒன்றில் செய்த மாடலை மற்றதில் திறந்தால் படுத்துக் கிடக்க இதுதான் காரணம், மாடலில் கோளாறு இல்லை. திரைப் படங்களில் ஒய் பெரும்பாலும் மேலிருந்து கீழாக எண்ணப்படும். 3டி பிரிண்டிங்குக்குப் பயன்படும் எஸ்டிஎல் (STL) கோப்பில் அலகு எழுதப்படுவதில்லை, வெறும் எண்கள்தான். நீங்கள் அங்குலத்தில் வரைந்து, பிரிண்டர் மென்பொருள் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு சின்னதாக வரும். புது மென்பொருள் எதுவானாலும் முதலில் நம் 12, 9, 8 பெட்டியைச் செய்து, மேலே எந்த அச்சு, அலகு என்ன என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இதற்கு மேல் வேண்டுபவர்கள் 11-ஆம் வகுப்பு வெக்டர் பாடத்தில் புள்ளிப் பெருக்கல் வரை படித்துவிட்டு, 12-ஆம் வகுப்பின் 6-ஆம் பாடத்துக்குப் போகலாம். அதற்குத் தனியாக ஆறு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தளத்தில் அமையாத கோடுகளுக்கு இடையே உள்ள குறைந்த தூரம் வரும் பகுதியில் அட்டைப் பெட்டியைக் கையில் எடுங்கள். எக்ஸ் அச்சாக வைத்த தரை விளிம்பையும், எதிர்ச்சுவர் உச்சியில் ஒய் திசையில் ஓடும் கூரை விளிம்பையும் தேர்ந்தெடுங்கள். தூரம் 8 என்று கண்ணுக்கே தெரியும். அந்த 8 சூத்திரத்திலும் வருகிறதா என்று பார்த்த பிறகு புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைத் தொடங்குங்கள்.